ஊருக்கு முதுகு காட்டிய கோபுரங்கள்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஆற்றங்கரையில் இருக்கும் ரெனைசான்ஸ் சென்டர் என்ற கட்டடத் தொகுதியில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். நடுவில் 73 மாடி உருளை வடிவ ஹோட்டல், சுற்றிலும் 39 மாடிகளில் நான்கு அலுவலகக் கோபுரங்கள். வெளியூரிலிருந்து யாராவது மீட்டிங்குக்கு வந்தால் நானே கீழே இறங்கிப் போய்க் கூட்டி வந்துவிடுவேன். கோபுரங்களை இணைக்கும் கீழ்த் தளம் முழுக்க வளைவு, தூண், மறுபடி வளைவு. புதியவருக்குத் திசையே பிடிபடாது.

வடிவமைத்தவர் அட்லாண்டா நகரின் கட்டடக் கலைஞர் ஜான் போர்ட்மன். அங்கே 1967-இல் திறந்த ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் 22 மாடி உயர உள்முற்றம் வைத்துப் பேர் வாங்கியவர். அதே வருடம் டெட்ராய்ட்டில் கலவரம். 43 பேர் இறந்தார்கள். குடும்பங்களும் வியாபாரமும் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தன. டவுன்டவுனை, அதாவது நகர மையத்தை, நிமிர்த்த வேண்டும் என்று ஃபோர்டு கார் நிறுவனத் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு மற்ற நிறுவனங்களையும் சேர்த்துப் பணம் திரட்டினார். 1977-இல் கட்டடம் திறந்தது.

ஆனால் அந்தக் கலவர காலத்தின் பயம் கட்டடத்திலேயே தெரிந்தது. முன்னால் போகும் ஜெஃபர்சன் அவென்யூ சாலை ஓரம், ஏசி இயந்திரங்களை உள்ளே வைத்த பெரிய கான்கிரீட் மேடுகள். நடந்து வருகிறவருக்கு அது சுவர்தான். நான் சேர்வதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். பழைய ஆட்கள் சொல்லித்தான் தெரியும். போர்ட்மனின் உள்முற்றங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கடை, சாப்பாடு, ஹோட்டல் எல்லாமே உள்ளே என்றால், எதிர்த் தெருக் கடைக்கு யார் போவார்கள்? புதுக் கோபுரங்களுக்கு வந்த நிறுவனங்களில் சில, பழைய டவுன்டவுன் கட்டடங்களைக் காலி செய்துவிட்டு வந்தவை.

1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிய பிறகுதான் திருத்தம் நடந்தது. மேடுகள் போய், தெருப் பக்கம் வாசல் வந்தது. உள்ளே கோபுரங்களை இணைக்கும் வட்டமான கண்ணாடி நடைபாதை. பின்பக்கம் ஆற்றைப் பார்த்த விண்டர்கார்டன் என்ற கண்ணாடிக் கூடம். மதியம் அங்கே உட்கார்ந்தால் நீளமான சரக்குக் கப்பல் ஒன்று மெதுவாகப் போகும், அக்கரையில் கனடாவின் வின்ட்சர். குழந்தைகளோடு ஆற்றோரம் நடக்க வந்த உள்ளூர்க் குடும்பங்களை அங்கேதான் பார்த்தேன். 73 மாடியால் ஆகாததை இந்தத் தரைமட்ட வேலை செய்தது என்பேன்.

இப்போது ஜெனரல் மோட்டார்ஸ், டவுன்டவுனில் ஹட்சன்ஸ் என்ற பழைய பெரிய பல்பொருள் கடை இருந்த இடத்துக்குப் போய்விட்டது. இரண்டு கோபுரங்களை இடித்து ஆற்றுப் பக்கத்தைத் திறக்கவும், மிச்சத்தில் வீடுகள் கொண்டுவரவும் திட்டம் பேசுகிறார்கள். இடிப்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் வீடுகள் கட்டாயம் வரட்டும். அலுவலகம் விட்ட பிறகும் ஜெஃபர்சன் அவென்யூவைக் கடந்து ஆற்றுக்குப் போய்வர அங்கே ஆட்கள் வேண்டும்.