கும்பகோணத்துப் பழைய படங்களுக்கு வருஷம் கண்டுபிடிப்பது

பழைய தெருப்படம் ஒன்று கைக்கு வந்ததும் "அறுபதுகள் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். கறுப்பு வெள்ளை என்றால் அறுபது, நிறம் போய்ச் சிவந்திருந்தால் எழுபத்தைந்து. இரண்டுமே ஆதாரமில்லாத கணக்கு. சிறு ஊர் ஸ்டுடியோக்களில் எண்பதுகளிலும் கறுப்பு வெள்ளை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்று, "இதற்கு முன் எடுத்திருக்க முடியாது". மற்றது, "இதற்குப் பின் எடுத்திருக்க முடியாது". படத்தில் கண்ணில் படுகிற பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போகும். முதல் பத்தி தானாக நிரம்பிவிடும். இரண்டாவதுதான் பாடு.

பேருந்திலிருந்து தொடங்குவது சுலபம். பக்கவாட்டில் "சோழன்" என்று இருந்தால் 1972க்கு முன் வாய்ப்பில்லை. அரசு போக்குவரத்துக் கழகங்கள் உருவான வருஷம் அது. தலைவர்கள், மன்னர்கள் பெயரெல்லாம் கழகங்களிலிருந்து 1997இல் எடுக்கப்பட்டன. ஆக ஒரே பேருந்து இரண்டு பத்திக்கும் உதவுகிறது, இடைவெளி 25 வருஷம் என்றாலும். லாரியின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால் அது டாடா–மெர்சிடிஸ் கூட்டில், 1954க்கும் 1969க்கும் இடையில் வந்த வண்டி. ஆனால் அது வண்டி பிறந்த காலம், படம் எடுத்த காலமல்ல. லாரிகள் இருபது வருஷம் ஓடும். டி.வி.எஸ். 50 நின்றால் 1980க்குப் பின், மாருதி 800 நின்றால் 1983 டிசம்பருக்குப் பின். "டி.என். 49" என்று எண்ணோடு வரும் நம்பர் பலகை 1989க்குப் பிந்தையது. பழைய மூன்றெழுத்துப் பலகை இருப்பதால் 1989க்கு முந்தைய படம் என்று முடிவுகட்டாதீர்கள். பழைய வண்டிக்கு யாரும் நம்பரை மாற்றவில்லை.

வண்டிகளைவிடக் கடைப்பலகைகளில் விஷயம் அதிகம். லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்குத் துதிக்கை போட்ட பழைய வடிவம், றா, னா, ணா மூன்றின் சுழி வடிவம் எல்லாம் 1978 அரசாணையோடு மாறின. புது வடிவம் எழுதிய பெயர்ப்பலகை இருந்தால் பெரும்பாலும் 1978க்குப் பிறகுதான். ஒரு விலக்கு: பெரியார் இந்தச் சீர்திருத்தத்தை 1935லிருந்தே தம் பத்திரிகைகளில் கையாண்டார். அதனால் திராவிடர் கழகச் சுவரொட்டியில் புது "லை" இருந்தால் அதை வைத்து வருஷத்தை முடிவுகட்ட வேண்டாம். பழைய வடிவமோ எதையும் நிரூபிக்காது. பலகை எழுதும் பெயிண்டர்கள் கைப்பழக்கத்தை அரசாணைக்காக விட்டுவிடவில்லை.

விலைப்பலகை தெரிந்தால் அதிர்ஷ்டம். "நயா பைசா" 1957 ஏப்ரலில் வந்து 1964 ஜூனில் "பைசா" ஆனது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு.

சுவர் விளம்பரத்தில் கட்சிச் சின்னம் பாருங்கள். காங்கிரசுக்கு 1969 பிளவு வரை இரட்டைக் காளை, பிறகு இந்திரா அணிக்குப் பசுவும் கன்றும், 1978லிருந்து கை. இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் வந்தது. எல்லாவற்றிலும் அருமையானது சேவலும் இரட்டைப் புறாவும். அ.தி.மு.க. இரண்டாகி இலை முடக்கப்பட்டிருந்த 1989 ஜனவரித் தேர்தலுக்கு மட்டும் அவை வரையப்பட்டன. சுண்ணாம்பு வெளுக்காமல் பளிச்சென்று இருந்தால் அந்தச் சில மாதங்கள்தான். மழையில் கரைந்து மங்கியிருந்தால் பல வருஷம் தள்ளிக்கூட இருக்கலாம். சினிமா போஸ்டருக்கும் இதே எச்சரிக்கை. படம் வெளியான தேதி ஒரு கீழ் எல்லை மட்டுமே. டூரிங் டாக்கீஸ்களில் பழைய படங்கள் திரும்பத் திரும்ப ஓடின.

இரண்டாவது பத்திக்கு, படத்தில் இல்லாததைத் தேட வேண்டும். சிலை, மணிக்கூண்டு, தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலையம்: இவற்றில் இன்றும் கல்வெட்டு இருக்கும். அந்த இடம் முழுதாகச் சட்டகத்துக்குள் விழுந்து, அங்கே சிலை இல்லையென்றால், திறப்பு விழாவுக்கு முந்தைய படம். கல்லில் அடிக்கல் நாட்டிய தேதியும் திறந்த தேதியும் தனித்தனியாக இருக்கலாம்; சாரத்தோடு கட்டடம் தெரிந்தால் இரண்டுக்கும் நடுவில் வைக்கலாம். கோபுரத்தில் சாரம் என்றால் கோயிலின் குடமுழுக்குக் கல்வெட்டைப் பாருங்கள். மகாமகக் குளத்தில் தலைகள் மட்டுமே தெரிகிற கூட்டம் என்றால் வேலை இன்னும் சுலபம்: 1956, 1968, 1980, 1992. இவற்றில் எது என்று கரையிலுள்ள வண்டியும் ஒலிபெருக்கியும் உடையும் சொல்லிவிடும். மாசிமகக் கூட்டத்தை மகாமகம் என்று எழுதிவிடாதீர்கள். அது ஆண்டுதோறும் வருவது.

இதற்கெல்லாம் முன்னால், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் நிறைய உண்டு. பலகை படிக்க முடியாவிட்டால் ஆண்களின் சட்டைப்பையைப் பாருங்கள்: ஒற்றைப் பை என்றால் இடது மார்பில் இருக்க வேண்டும். சேலை முந்தானை இடத்தோளில் வரும் என்பதும் உதவும், ஆனால் மடிசாரை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். ஐயர் கட்டுமுறையில் முந்தானை வலத்தோளில் வரும்.

நிழலும் பேசும். சாரங்கபாணி கோயில் ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது. அதன் முகத்தில் வெயில் அடித்தால் காலை. ஊர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காவது வாரம் வரை உச்சிவேளை நிழல் தெற்கே சாயும், மற்ற மாதங்களில் வடக்கே. வருஷம் தெரியாவிட்டாலும் கோடையா மார்கழியா என்று தெரிந்துவிடும்.

பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் திருப்பித் தராதீர்கள். ஸ்டுடியோ முத்திரை, தாள் கம்பெனியின் பெயர், பேனா எழுத்து எல்லாம் அங்கேதான். ஊட்டியில் உற்பத்தியான "இந்து" என்ற புகைப்படத் தாள் என்றால் 1967க்கு முன் கிடையாது. ஆனால் பின்பக்கம் சொல்வது அச்சின் வயது. பழைய படத்தையே மறுபடி படமெடுத்துப் பிரதி போடுவது ஸ்டுடியோக்களில் வழக்கம். வெள்ளை ஓரத்துக்குள் இன்னொரு ஓரம் தெரிந்தாலோ, பழைய படத்தின் கீறல் தாளில் தடவினால் கைக்குத் தட்டுப்படாமல் வழுவழுவென்று இருந்தாலோ அது பிரதி. பேனாவில் எழுதிய வருஷமும் பலமுறை பிரதி போட்ட வருஷமாகவே இருக்கும்.

ஸ்கேன் 600 டி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையக் கூடாது. 6x6 செ.மீ. கான்டாக்ட் அச்சு (நெகட்டிவ் அளவிலேயே போட்ட அச்சு) என்றால் 1200, 120 ரோல் ஃபிலிம் நெகட்டிவ் கிடைத்தால் 2400. கறுப்பு வெள்ளையையும் கலரில் ஸ்கேன் செய்து தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். மங்கிய பேனா எழுத்து நீலமா கறுப்பா என்பது அப்போதுதான் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் சுருங்கி, கடைப்பலகை படிக்க முடியாமல் போகும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், படம் பதிந்திருக்கும் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, கண்ணாடியோடேயே எடுங்கள்.

குறிப்பு எழுதும்போது ஒற்றை வருஷம் வேண்டாம். "1973–1978. கீழ் எல்லை: சுவரில் இரட்டை இலை. மேல் எல்லை: நாற்சந்தியில் சிலை இல்லை, கல்வெட்டு 1978" என்று காரணத்தோடு, படத்தின் பின்னால் மென்மையான பென்சிலில், ஓரமாக. நாளை இன்னொருவர் கூர்ந்து பார்த்து ஒரு ஸ்கூட்டரைக் கண்டுபிடித்தால், எந்த எல்லையைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.