ஏன் என்று முடிந்த வரிகள்

தம்பி போன பிறகு நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தூக்கமின்மைதான், வேறொன்றும் பெரிதாக இல்லை. கைக்குக் கிடைத்தது அவனுடைய டயாலிசிஸ் கணக்கு நோட்டு. பின்பக்கம் நிறையக் காலியாக இருந்தது.

மூன்று வருஷமாக அந்த நோட்டை எழுதி வந்தவள் நான்தான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். மெஷினில் போடும் முன் எடை, எடுத்த பின் எடை, ரத்த அழுத்தம், அன்றைக்குக் குடித்த தண்ணீர் எத்தனை மில்லி. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் எடையாக ஏறும். மிஞ்சிப் போனால் நுரையீரலில் தேங்கும். வாரம் மூன்று முறை என்கிற அட்டவணையை எப்படிப் போட்டாலும் ஓரிடத்தில் இரண்டு நாள் இடைவெளி விழுந்துவிடும். அந்த இரண்டாவது நாள் ராத்திரி அவனுக்கு மூச்சு முட்டியது. தண்ணீர் கேட்டான். அளவைத் தாண்டிக் கொஞ்சம் கொடுத்தேன். "விடிஞ்சா மெஷின்தானேடா, தலையணையை உயர்த்தி வச்சுக்கோ" என்றேன். அவனுக்கு விடியவில்லை.

எழுதுவதற்கு ஒரு முறை இருப்பதாக எப்போதோ படித்திருந்தேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வு, 1986-ல் வெளியானது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், தங்களை உலுக்கிய ஒன்றைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததையும் அதனால் மனசில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. எழுதிப் பார் எழுதிப் பார் என்று உபதேசிப்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

நான் இரண்டாவது வாரமே ஆரம்பித்தேன். அவசரம். துக்கம் நடந்த உடனே வேண்டாம், கொஞ்சம் போகட்டும் என்றும், தாங்காது என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள் என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் நாள் 15 நிமிஷம் எழுதிவிட்டு, விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் உட்காரவே இல்லை. நோட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்தபோதுதான் அதைக் கவனித்தேன். 'தண்ணீர் கொடுத்தேன். தலையணையை உயர்த்தினேன். விடியட்டும் என்றேன். தூங்கிவிட்டேன்.' பக்கம் முழுக்க இப்படி. 'நான்' என்ற சொல் எங்குமே இல்லை; தமிழில் அது இல்லாமலே எழுதிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'ஏன்' உட்கார்ந்திருந்தது. தன்மை விகுதி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான். அன்றைக்கு எனக்கு அது கேள்வியாகக் கேட்டது. அந்த மூன்று நாளும் நான் அவனைப் பற்றி எழுதவே இல்லை. என்னைக் கூண்டில் ஏற்றி நானே விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பென்னிபேக்கரின் குழு பிற்பாடு இப்படிப்பட்ட எழுத்துகளில் சொற்களை எண்ணிப் பார்த்தது. ஒரு நாள் 'நான்', இன்னொரு நாள் மற்றவர்கள் என்று பிரதிப்பெயர்கள் மாறி மாறி வந்தவர்கள்தான் அதிகம் தேறினார்களாம். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வேண்டுமென்றே மாற்றி எழுதி எல்லாவற்றையும் பாழாக்கியிருப்பேன்.

பின்பக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கத்துக்குப் போனேன், கணக்குகளுக்கு. ஒரு தேதியில் எடை 2.8 கிலோ கூடுதல் என்றிருந்தது. அன்றைக்கு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு மாட்டிக்கொண்டான். "இது தண்ணி இல்லக்கா, கல்லு" என்றான். அதை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினேன். இன்னொரு தேதி, கையில் ஃபிஸ்டுலா போட்ட புதிது; டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துவிடுவது. ரத்தம் ஓடும் அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். காதை வைத்துக் கேள், உள்ளே வண்டு இருக்கிறது என்றான். ரத்த அழுத்தம் சரிந்து கண் சொருகிய ஒரு நாளில், நர்ஸ் ஓடி வந்து கால்மாட்டை உயர்த்த, விழித்ததும் "ஸ்கோர் என்ன?" என்று கேட்டான். ஒரு தேதிக்கு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதை அப்படியே விட்டேன், இட்டுக்கட்ட மனசில்லை.

இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. 15 நிமிஷக் கணக்கெல்லாம் போயே போய்விட்டது. சில ராத்திரி ஒரே வரி. மனசில் இருப்பதைக் கொட்டினால் பாரம் இறங்கும் என்கிறார்கள், எனக்கு இறங்கவில்லை. ஆனால் வரிகளின் வால் மாறிவிட்டிருந்தது. சொன்னான், சிரித்தான், முறைத்தான், ஏமாற்றினான்.

கடைசி வரிசைக்கு மட்டும் போகாமல் இருந்தேன். மறுநாள் மெஷினுக்காக முந்தின நாளே தேதி போட்டு வைத்திருந்த வரிசை. கட்டங்கள் எல்லாம் காலி. போன வாரம் அதில் தண்ணீர்க் கட்டத்தை மட்டும் நிரப்பினேன். எத்தனை மில்லி என்று போடவில்லை.

'கேட்டான். குடித்தான்.'