நிலவு நண்டும் பழைய பாலமும்

லீவு எண்டா தூரமா எங்கயாவது போகணும், போட்டோ எடுக்கணும், அதப் போடணும், இல்லாட்டி எடுத்த லீவே வீண் எண்டு ஒரு வருத்தம் இப்ப நம்மட ஆக்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. நானும் நுவரெலியா, அறுகம்பை எல்லாம் போய் வந்தவன்தான், குறை சொல்லல்ல. ஆனா வயிறு நோகச் சிரிச்ச நாளுகள யோசிச்சுப் பாத்தா முக்கால்வாசி மட்டக்களப்புல எங்கட வீட்டுப் பின்குந்துலயோ வாவிக்கரையிலயோதான் நடந்திருக்கு, காசும் பெருசா செலவழிச்சதில்ல.

பள்ளிக்கூடத்துல ஒரே வாங்குல இருந்த கூட்டாளி ஒருத்தன் கனடாவுல இருந்து குடும்பத்தோட வந்திருந்தான். வரக்குள்ளயே போன்ல ஒரு லிஸ்ட். பாசிக்குடா ஹோட்டல், திருகோணமலை, யால, எல்லாத்துக்கும் நாள் குறிச்சு வச்சிருந்தான். மறுகா என்ன, ஒருத்தன்ட புள்ளைக்கு ரியூசன், இன்னொருத்தனுக்கு டியூட்டி மாறல்ல, வான்காரன் கடைசி நேரத்துல வரல்ல, அப்பிடியே லிஸ்ட் கரைஞ்சு போச்சு. அவன் முகம் ஒரு நாள் வாடித்தான் கிடந்தது. ரெண்டாம் நாள் "சரி மச்சான், நண்டாவது தாங்கடா" எண்டான்.

அதுலயும் ஒரு சிக்கல். அவன் வந்தது பூரணைக்கு கிட்ட. நிலவுக்க நண்டு வாங்கப்படாது, கோதுதான் மிஞ்சும், இருட்டுக் காலத்துலதான் சதை பிடிக்கும் எண்டுறது எங்கட அப்பாட சட்டம். இதுல அவரோட கதைச்சு வெல்ல ஏலாது. ஆனா வெளிநாட்டுல இருந்து வந்த பொடியன் கேட்டுட்டான் எண்டு வெள்ளாப்புல எழும்பிப் பையத் தூக்கிட்டார், நானும் பின்னால போனன். அப்பா நண்டு தெரிஞ்செடுக்கிறதப் பாக்கணும். ஒவ்வொண்டாப் பிரட்டிப் போட்டு, அடிப்பக்கம் கால் தொடங்குற இடத்துல பெருவிரலால அமத்துவார். கல்லு மாதிரி நிண்டா பையுக்க, கொஞ்சம் அமுங்கினா திரும்பக் கூடைக்க. நல்ல பெரிய வாவி நண்டெல்லாம் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயிடும், மிஞ்சினதுலதான் நாங்க தேடணும். விக்கிற அக்கா பொறுமையிழந்து "ஐயா, நண்டுக்கு சாதகமும் பாக்கிறீங்களா?" எண்டு கேட்டவ. அவர் சிரிக்கவுமில்ல, விடவுமில்ல.

வீட்டுல அக்கா ஒரு சட்டம் வச்சிருக்கா, நண்டு உடைச்சுக் கழுவுறது ஆம்பிளைகள்ட வேலை. நியாயம்தான். நாங்க சந்தோசமா இருந்தம், சந்தோசமா இருந்தம் எண்டு கதைக்கிற நாளெல்லாம் அம்மா அடுப்படியில நிண்ட நாள், அவவுக்கு அது எப்பிடி இருந்தது எண்டு நம்மள்ள ஒருத்தனும் கேட்டதில்ல. அதால கிணத்தடியில நாங்க நாலு பேரும் நண்டோட மல்லுக்கட்ட, அம்மா கதிரையில இருந்து பிளேன்ரீ குடிச்சிட்டு "காலப் பிடி மனே, கொடுக்கில்ல" எண்டு ஓடர் போட்டா. கறி மட்டும் அவட கைதான், அத ஒருத்தரும் தொட விடமாட்டா. வறுத்த தூள், புளி, கடைசியா முதற்பால், இறக்கிறதுக்கு கொஞ்சம் முதல் ஒரு பிடி முருங்கையிலை. அந்த முருங்கையிலை விழுந்த உடன வாற வாசத்துக்கு ரோட்டால போறவனும் ஒருக்கா நிப்பான்.

பாயப் போட்டு, நடுவில பேப்பர் விரிச்சு, அம்மிக்குழவியத் தூக்கிட்டு வந்து வச்சு இருந்தம். அப்பா சொன்ன மாதிரியே பாதி நண்டு கோதுதான், அவர் ஒண்டும் சொல்லாம எல்லாற்ற முகத்தையும் ஒரு சுத்து பாத்தார், அது போதாதா. கூட்டாளிட மகனுக்கு எப்பிடித் திறக்கிறதெண்டு தெரியல்ல, அம்மா பல்லால காலக் கடிச்சு உடைச்சு நீட்டி "இந்தா மனே, உறிஞ்சு" எண்டா. தாய் கொஞ்சம் முழிச்சா, பொடியன் உறிஞ்சிட்டு அடுத்ததுக்குக் கைய நீட்டிட்டான். ஒண்டு கவனிச்சன், நண்டு தின்னக்குள்ள ஒருத்தரும் போன் தொட ஏலாது, ரெண்டு கையும் குழம்பு. அந்த ஒரு மணித்தியாலமும் எல்லாரும் எல்லாற்ற முகத்தையும் பாத்துத்தான் கதைச்சம். வேற சாப்பாட்டுக்கு இது நடக்காது, பிரியாணி எண்டா இடது கை போன்லதான் கிடக்கும்.

பிறகு தயிர். மாமி வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து சட்டியோட குடுத்து விட்டிருந்தா, எருமைத் தயிர், சட்டியக் கவிழ்த்தாலும் விழாது. முந்தி மண்முனையில பாதை எண்டுற மிதவையிலதான் வாவியக் கடக்கணும், வெயிலுக்க லைன்ல நிண்டு, பாதை ஆடக்குள்ள மடியில சட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு வருவம். 2014ல பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிள்ல கொழுவிட்டு வந்துடலாம். மேல் ஆடை யாருக்கு எண்ட சண்டை மட்டும் மாறல்ல, ரெண்டு புள்ளைக்குத் தாயான அக்கா கரண்டியோட முதல் ஆளா வந்து நிண்டா.

பின்னேரம் பொம்பிளைகளும் புள்ளைகளும் கடக்கரைக்குப் போக, நாங்க கல்லடிப் பாலத்தடிக்குப் போனம். 1924ல வெள்ளைக்காரன் கட்டின இரும்புப் பாலம், தேசாதிபதி மனிங் எண்டவர்ட மனைவிட பேர்தான் அதுக்கு. ஒடுக்கம், முந்தி இந்தப் பக்கத்தால வாகனம் வந்தா அந்தப் பக்கம் நிக்கணும். பள்ளிக்கு பிந்தினா பாலத்துல மறிச்சிட்டாங்க எண்டு சொன்னா மாஸ்டர் நம்புவார், எவ்வளவு உதவி! 2013ல பக்கத்துல புதுப் பாலம் திறந்த பிறகு பழையது நடக்கிற ஆக்களுக்கும் தூண்டில் போடுறவங்களுக்கும் எண்டு ஆயிட்டு.

நிலவு வந்த உடன, வாவியில மீன் பாடும் எண்டு சொல்லுறாங்களே, அந்த மீன் பாட்டுக் கேக்கணும் எண்டு கூட்டாளி பிடிச்ச பிடி விடல்ல. ஊருல பிறந்து வளந்தும் கேக்காத ஆக்கள்தான் கூட, வெளியால இருந்து வந்தவங்கதான் கேட்டு எழுதி வச்சிருக்காங்க. 1848லயே எமர்சன் ரெனன்ட் எண்ட வெள்ளைக்கார அதிகாரி ராவுல தோணியில போய்க் கேட்டவர். அது மீனே இல்ல, அடியில கிடக்கிற ஊரி சிப்பிட சத்தம் எண்டும் ஒரு கதை. தெரிஞ்ச மாமா ஒருத்தர்ட தோணியில ஏறி, பாலத்துக்கு கிட்ட நிப்பாட்டி, தோணி வலிக்கிற சவளத் தண்ணிக்க விட்டு மற்ற நுனிய காதுல வச்சுக் கேட்டம். ஒருத்தன் வீணை மாதிரிக் கேக்குது எண்டான். இன்னொருத்தன் அது தூரத்துல கோயில் ஸ்பீக்கர் எண்டான். கனடாக்காரன் தனக்குக் கேட்டது எண்டு அம்மாவாணை சத்தியம் பண்ணினான், அவன் டிக்கெட் காசுக்கு கேக்காம எப்பிடி எண்டு மற்றவன் இழுத்தான். பத்தாம் வகுப்புல மாஸ்டருக்கு சொன்ன பொய்யெல்லாம் வெளியால வந்துது, தோணி ஒரு பக்கம் சரியுற அளவுக்குச் சிரிப்பு.

மாமா சவளப் பறிச்சு மடியில வச்சுட்டு, "தம்பிமாரே, நீங்க வாய மூடினாத்தான் மீன் வாயத் திறக்கும்" எண்டார்.

ஒருத்தனும் மூடல்ல. பத்தரைக்கு வீட்டாக்கள் போன் அடிக்கத் தொடங்கினாங்க.