நாத்திகன், மதம்: இந்து

எங்கள் கல்யாணத்தில் ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது, நல்ல நேரம் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஆடி மாதத்தில் வைத்தோம், மண்டபமும் மலிவாகக் கிடைத்தது. மாலை மாற்றிக்கொண்டோம், நாலு பேர் வாழ்த்திப் பேசினார்கள் (அதில் ஒரு பெரியவர் பேச்சை முடிப்பதற்குள் பந்தியே முடிந்துவிட்டது), சாப்பாடு, அவ்வளவுதான். இந்தக் கல்யாணம் எந்தச் சட்டப்படி செல்லும் தெரியுமா? இந்து திருமணச் சட்டம், பிரிவு 7ஏ.

அந்தப் பிரிவு சும்மா வந்துவிடவில்லை. சடங்கில்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொள்கைக்காக மேடையில் மாலை மாற்றியவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையே கேள்வியானது. அண்ணா முதல்வரானதும் 1967-ல் சட்டத்தைத் திருத்தி, அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்று ஆக்கினார். நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் அது இரண்டு இந்துக்களுக்கு மட்டும். கடவுள் இல்லவே இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினாலும், பிறந்த வீட்டை வைத்துச் சட்டம் என்னை இந்து என்றே எழுதிக்கொள்ளும். எனக்கு அதில் வசதிதான். முஸ்லிம் வீட்டிலோ கிறிஸ்தவ வீட்டிலோ பிறந்த நாத்திகருக்கு இந்த வழி கிடையாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும், அலுவலகத்தில் பெயரோடு நோட்டீஸ் ஒட்டுவார்கள், 30 நாள் காத்திருக்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பவர்களுக்கு அந்த 30 நாள் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

"தைரியம் இருந்தா அவங்க மதத்தைப் பத்திப் பேசு" என்று என்னிடம் சவால் விடுபவர்கள் உண்டு. கோவை ஃபாரூக் பேசினார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர், 2017 மார்ச்சில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய அப்பாவே, மகன் இருந்த அமைப்பில் நானும் சேர்கிறேன் என்றார். நான் சாமி இல்லை என்றால் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார், மறுநாள் அவரே பொங்கல் கொடுத்தனுப்புவார். இரண்டுக்கும் பெயர் நாத்திகம்தான், ஆனால் விலை ஒன்றா? அதனால்தான் எங்கள் ஆட்கள் சிலர் பிள்ளையார் ஜோக் அடித்துவிட்டுப் புரட்சி செய்ததுபோல உட்கார்ந்திருக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

இப்போது வீட்டில் வேறு பஞ்சாயத்து. பாப்பாவைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். சாதி, மதம் இல்லை என்று பள்ளிச் சான்றிதழில் போட்டுக்கொள்ளலாம் என 1973-லேயே தமிழக அரசின் ஆணை இருக்கிறது. 2019-ல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஸ்நேகா 'சாதி, மதம் அற்றவர்' என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். நாமும் அப்படியே செய்வோம் என்றேன். மதத்தை விடு, சாதியை விட்டால் இடஒதுக்கீடு போய்விடுமே, அதை உன் கொள்கை வாங்கித் தருமா என்கிறாள் மனைவி. இடஒதுக்கீட்டுக்காகப் பெரியாரே தெருவில் இறங்கினாரே என்று கூடவே ஒரு போடு வேறு. விண்ணப்பம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது, அநேகமாக அவள் சொல்வதுதான் நடக்கும்.