சிலந்திக்கு முதலுதவி

நான் வளர்க்கும் பெரிய சிலந்தி, என் டரான்டுலா, தன் தொட்டியின் கண்ணாடிச் சுவரில் ஏறி வழுக்கி விழுந்துவிட்டாள். வயிற்றின் பக்கவாட்டில் சின்னக் கீறல், அதில் லேசாக நீலம் தட்டிய ஒரு துளி. ஆமாம், நீலம்தான். இவள் குருதியில் இரும்புக்குப் பதில் செம்பு.

ஒரு துளிதானே என்று விட முடியாது. முக்கியமான கால் மூட்டுகளை நீட்ட இவளுக்குத் தசை கிடையாது, உள்ளே இருக்கும் அந்தத் திரவத்தின் அழுத்தம்தான் நீட்டுகிறது. அது வடிந்துபோனால் கால்கள் உடலுக்கடியில் சுருண்டுகொள்ளும். காலே போயிருந்தால்கூட அடுத்தடுத்த தோலுரிப்புகளில் முளைத்துவிடும். வயிறு அப்படியில்லை.

மெல்லிய தூரிகையின் நுனியில் சோளமாவு தொட்டுக் கீறல் மேல் வைத்தேன். முதலில் கரைந்து வழிந்தது, அப்புறம் பொருக்குக் கட்டி நின்றது. மூச்சுத் துளைகள் வயிற்றின் அடிப்பக்கம். அங்கே மாவு படாமல் இருக்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதைக்கு இருட்டு, ஒரு தட்டில் தண்ணீர், தனிமை, அவ்வளவுதான். உயிருள்ள பூச்சி எதுவும் போடவில்லை, அடிபட்டுக் கிடப்பவளை அதுவே கடித்துவிடும். தொட்டியின் மண்ணையும் உயர்த்திவிட்டேன், இனி விழுந்தாலும் உயரம் குறைவு. ‘சிலந்திக்கெல்லாம் வைத்தியமா’ என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடந்து போகவும்.

அடுத்த முறை தோலுரிக்கும்போது காயம்பட்ட இடத்தில் பழைய தோல் ஒட்டிக்கொள்ளாமல் வர வேண்டும். அந்தக் கவலை தனி.