கோடியக்கரையில் பூநாரை பார்க்க

தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே நகர்ந்தது ஒரு பூநாரை. இன்று காலை, கோடியக்கரையில்.

அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை இருக்கும். நாக்கு தண்ணீரை இழுத்து வெளியே தள்ளத் தள்ள, கூனி இறாலும் பாசியும் அதில் தங்கிவிடும். அந்த இரையில் இருக்கிற நிறமிதான் இறக்கையில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது.

தயவுசெய்து படமெடுக்கச் சேற்றில் இறங்காதீர்கள். உப்புப் பூத்துக் காய்ந்த தரைபோலத் தெரியும். கால் வைத்தால் புதையும். அதற்குள் கூட்டமே ஓடி எழும்பிவிடும். பாவம், அதுகளின் மேய்ச்சல் போச்சு.

கரையிலேயே, வெயில் முதுகுப் பக்கம் விழுகிற மாதிரி நில்லுங்கள். 8 மடங்கு பைனாகுலர் போதும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். குடிதண்ணீரை வேதாரண்யத்திலேயே வாங்கிவிடுங்கள்.

டெல்டா என்றால் வயலும் கோயிலும்தான் என்று நினைக்கிறோம். காவிரி டெல்டா கடலைத் தொடும் இந்த ஓரமும் நம்முடையதுதானே!

திரும்பும்போது புல்வெளியையும் பாருங்கள். 1967-இல் இது சரணாலயமானதே வெளிமானுக்காகத்தான். கறுத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக நிற்பது கிடா. பழுப்பு நிறத்தில், கொம்பில்லாமல் மேய்வது பெட்டை.