பேங்காக் நாட்குறிப்பு: தெரிந்த பெயர்களின் ஊரில்

2024 மார்ச் 18, திங்கள்

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியபோது அந்தப் பெயரை நான் படித்தபடியே உச்சரித்தேன். வாடகைக் கார் ஓட்டுநருக்கு அது புரியவில்லை. எதிரே இருந்த பலகையைக் காட்டியதும் அவர் ‘சுவன்னபூம்’ என்றார். எழுத்தில் முழுச் சமஸ்கிருதமாக நிற்கும் சொல், வாய்க்கு வரும்போது கடைசி அசையை உதிர்த்துவிடுகிறது. வழியெல்லாம் அவர் சொல்லித் தந்த சொற்களைக் குறித்துக்கொண்டேன். வண்டிக்கு ‘ரொத்’ என்றார், அது ரதம். உணவுக்கு ‘ஆகான்’ என்றார், அது ஆகாரம். ஆசிரியருக்கு ‘குரூ’. ஒரு மணி நேரப் பயணத்தில் இத்தனை உறவுச் சொற்கள் கிடைத்ததால், இந்த ஊர் எனக்கு எளிதாக வசப்பட்டுவிடும் என்று நம்பிக்கொண்டு அறைக்கு வந்து சேர்ந்தேன்.

மார்ச் 21, வியாழன்

அலுவலகத்திற்குச் சேன்சேப் கால்வாய்ப் படகில் போகிறேன். படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான். அதற்குள் கயிற்றைப் பிடித்து விளிம்பில் கால் வைத்து ஏறிவிட வேண்டும். கறுத்த நீர் உள்ளே தெறிக்காதபடி ஓரத்தில் அமர்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்து நெகிழித் திரையை உயர்த்துகிறார்கள். அடுத்தவர் ஏறுவதற்காக அவர்களே இறக்கியும் விடுகிறார்கள். தலைக்கவசம் அணிந்த நடத்துநர் படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வந்து சீட்டுக் கிழிக்கிறார். நெரிசலில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை.

மாலையில் லும்பினி பூங்காவுக்குப் போனேன். புத்தர் பிறந்த ஊரின் பெயர் அது. சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் எழுந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள், மிதிவண்டியில் வந்தவர்கள், குழந்தையைத் துரத்திய தாய் என அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட, நான் மட்டும் நான்கு அடி நடந்த பிறகே நின்றேன். ஏரிக்கரையில் ஆள் நீளத்திற்கு ஒரு தண்ணீர் உடும்பு நாக்கை நீட்டி நீட்டி நகர்ந்துகொண்டே இருந்தது. பாட்டு முடிந்ததும், தடைபட்ட இடத்திலிருந்து எல்லோரும் ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். காலை எட்டு மணிக்கும் இதுவே வழக்கம் என்று உடன் பணிபுரிபவர் சொன்னார்.

மார்ச் 26, செவ்வாய்

வாடகை ஒப்பந்தத்தில் ஆண்டு 2567 என்று இருந்தது. இங்கே புழங்குவது புத்த ஆண்டு; நம் கணக்கோடு 543 கூட்டிக்கொள்ள வேண்டும். இதைப் பழகிக்கொள்ளலாம், மணிக் கணக்கே என்னை வீழ்த்தியது. வீட்டு உரிமையாளர் சாவி தருவதற்குச் ‘சோங் தும்’ என்று நேரம் குறித்திருந்தார். ‘சோங்’ என்றால் இரண்டு என்று தெரிந்திருந்ததால், பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் வெயிலில் காத்திருந்தேன். அவர் சொன்னது இரவு எட்டு மணி. பேச்சு வழக்கில் இரவு ஏழு மணியிலிருந்து மீண்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். முற்காலத்தில் பகலில் சேகண்டியும் இரவில் முரசும் ஒலித்து நேரம் அறிவித்ததன் எச்சம் இது. ‘தும்’ என்பது முரசின் ஒலி. நம் ஊரில் நாழிகை வழக்கொழிந்துவிட்டது. இவர்களோ அந்தப் பழைய ஒலியை அன்றாடப் பேச்சில் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரும் மதிப்பு.

மார்ச் 31, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு தவறு சுட்டிக்காட்டப்பட்டது. தெருமுனைச் சோற்றுக் கடை அம்மாவின் பேரனை, நம் வழக்கப்படி, தலையில் கை வைத்துக் கொஞ்சினேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது; சொல் எதுவும் வரவில்லை. உடன் வந்த தோழிதான், தலை புனிதமானது, முன்பின் பழகாதவர் அதைத் தொடுவதில்லை என்று பிறகு மெதுவாகச் சொன்னார்.

அங்கிருந்து சீலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய கோயில். கோபுரத்தைக் கண்டதும் எனக்கு மாயவரம் வந்துவிட்டது போல் இருந்தது. உள்ளே தட்டு ஏந்தி நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். ஊரார் இதை ‘வாட் கேக்’ என்கிறார்கள். ‘கேக்’ என்ற சொல்லுக்கு விருந்தாளி என்று பொருள், இந்தியர்களைக் குறிப்பதும் அதே சொல்தான். தலைமுறைகளாக இங்கே வேரூன்றியவர்களையும் அந்தச் சொல் விருந்தாளியாகவே வைத்திருக்கிறதே என்று முதலில் வருந்தினேன். பிறகு, என் வீட்டு அம்மன் முன் இவர்கள் கண்மூடி நிற்பதைப் பார்க்கப் பார்க்க, இங்கே விருந்தாளி யார் என்பது எனக்கு விளங்காமல் போயிற்று. முற்றிலும் அயலான ஒன்றின் முன் மனம் எச்சரிக்கையாக இருக்கிறது. நமக்குத் தெரிந்தது என்று நினைத்துவிட்டால் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. இந்த ஊரில் நான் இடறிய இடங்கள் எல்லாம் அப்படிப்பட்டவையே.

ஏப்ரல் 6, சனி

இங்கே ஆளும் சக்ரி அரச மரபு தொடங்கியதை நினைவுகூரும் சக்ரி நாள் விடுமுறை. சாவோ சிங் சா என்னும் பெரிய ஊஞ்சலைப் பார்த்தேன். சாலை நடுவே சிவப்பு நிறத்தில் ஓங்கி நிற்கும் தேக்குத் தூண்கள்; ஊஞ்சல் பலகை இல்லை. வானளாவ ஆடி, உயரத்தில் கட்டிய நாணயப் பையைப் பல்லால் கவ்வும் சடங்கு 1935-இல் நிறுத்தப்பட்டது. அந்த விழாவின் பெயர் ‘திரியம்பவாய்–திரிபவாய்’. திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் கடந்து இப்படித் திரிந்திருக்கின்றன. அருகிலேயே 1784-இல் நிறுவப்பட்ட தேவஸ்தானம். சிவனுக்கும் பிள்ளையாருக்கும் நாராயணனுக்கும் தனித்தனி மண்டபங்கள். அரசவை அந்தணர்கள் இங்கே ஆண்டுதோறும் ஓதும் மந்திரங்களில் தமிழ்ப் பாடல்கள் கலந்திருக்கின்றன; தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பொருள் மறைந்து ஒலி மட்டும் தங்கிய தமிழ். மார்கழி விடியலில் பாட்டி என்னை உலுக்கி எழுப்பிப் பாடச் செய்த வரிகளை, மொழி தெரியாதவர்கள் மந்திரமாகக் காத்து வந்திருக்கிறார்கள். பூட்டிய மண்டபத்தின் வாசலில் நெடுநேரம் நின்றேன்.

ஏப்ரல் 13, சனி

சொங்க்ரான், இவர்களின் புத்தாண்டு. சங்கராந்தி என்ற சொல்லின் தாய்லாந்து மொழி வடிவம். நாளை நமக்கும் புத்தாண்டு. சீலோம் சாலையில் ஆயிரக்கணக்கானோர் நீர்த்துப்பாக்கிகளோடு ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் முற்றிலும் நனைந்து திரும்பினேன்.

சோற்றுக் கடை மூடியிருந்தது. ஆனால் வாசலில் நாற்காலி போட்டு அந்த அம்மா அமர்ந்திருந்தார். பிள்ளைகளும் பேரனும் வரிசையாக வந்து, மல்லிகை மிதக்கும் நீரைச் சிறு கிண்ணத்தில் மொண்டு அவர் உள்ளங்கைகளில் ஊற்றி வணங்கினார்கள். தயங்கி நின்ற என்னையும் கையசைத்து அழைத்தார். ‘பா’ என்று கூப்பிட்டேன். பெரியம்மாவுக்கு இங்கே அதுதான் சொல். அவர் கைகளில் நீரை ஊற்றியபோது விரலிடுக்கில் ஒரு மொட்டு சிக்கிக்கொண்டது. ஏதோ முணுமுணுத்தபடி, நீர் சொட்டும் கையை என் உச்சந்தலையில் வைத்து இரண்டு முறை தடவினார். அந்த மொட்டு என் முடியிலேயே ஒட்டிக்கொண்டு அறை வரை வந்துவிட்டது.